சேவகனுக்கும் வசனம் வேண்டும்

சங்கிலி மன்னனின் அரசவையை வகுப்பறையில் நடித்துக் காட்டுவது நம் பாடசாலைகளுக்குப் புதிதன்று. தடங்கலின்றிப் பேசும் பிள்ளை மன்னனாகிறான். அவனுக்கு அடுத்தவன் மந்திரி. வாய் திறக்கத் தயங்கும் கடலோரத்துப் பிள்ளையின் கையில் ஒரு தடி, வேல் என்ற பெயரில் கொடுக்கப்படுகிறது. பாடவேளை முழுவதும் அவன் வாயிலில் நிற்கிறான். மணி அடிக்கிறது. "மாணவர் அனைவரும் ஈடுபாட்டுடன் பங்குபற்றினர்" என்று குறிப்பேட்டில் எழுதுகிறோம். வாயிலில் நின்றவன் கற்றது என்ன? நிற்கக் கற்றான், அவ்வளவே.

பாத்திரமேற்று நடித்தலை நாம் எதிர்க்கவில்லை. ஒப்புவித்தலே கல்வி என்ற பழைய முறையிலும் அது எத்தனையோ மேலானது. 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' எனப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கூத்தை மேடையேற்றிய பேராசிரியர் சு. வித்தியானந்தனும், 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவிய குழந்தை ம. சண்முகலிங்கமும் நடிப்பு கல்வியின் உறுப்பு என்பதைச் செயலில் காட்டியவர்கள். 2007இல் வந்த தேர்ச்சிமையக் கலைத்திட்டமும் செயற்பாட்டின் வழிக் கற்பதையே வலியுறுத்தியது. நமது சண்டை நடிப்போடு அன்று. பாத்திரம் பங்கிடும் கையோடு.

அந்தக் கைக்கு ஒரு விஞ்ஞானப் போர்வையும் கிடைத்திருக்கிறது. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் எனப் பிள்ளைகளை வகுத்து, அவரவர் 'கற்றற் பாணி'க்கு ஏற்பக் கற்பிக்க வேண்டுமாம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், 2008இல் ஹரோல்ட் பாஷ்லரும் வேறு மூன்று அமெரிக்க உளவியலாளரும் இதுபற்றிய ஆய்வுகளைப் பரிசீலித்துக் கண்ட முடிவு யாது? பிள்ளைகளின் விருப்பங்கள் வேறுபடலாம். ஆயினும் பாணிக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்பர் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே.

சான்றில்லாத இப்பாகுபாடு நடைமுறையில் என்ன செய்கிறது? வீட்டில் புத்தகமும் உரையாடலும் வாய்த்த பிள்ளை 'கேட்டுக் கற்பவன்'; அவனுக்கு வசனம். விடியுமுன் தகப்பனோடு வலை இழுத்துவிட்டு வரும் பிள்ளை 'செய்து கற்பவன்', அவனுக்குத் தடி. வறுமை விளைத்த தயக்கத்தைப் பிறவிக் குணமாக்குவது எவ்வகை விஞ்ஞானம்?

பிறப்பைக் கொண்டு இடம் வகுப்பதில் நம் மண் அனுபவம் மிக்கது. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்க வேண்டுமென்று 1930ஆம் ஆண்டளவில் எழுந்த கட்டளையை யாழ்ப்பாணத்துச் சாதிமான்கள் மூர்க்கமாக எதிர்த்தனர். கீரிமலைக்கு அயலேயுள்ள மாவிட்டபுரத்தில், கோயிலுக்குள் செல்ல 1968இலும் போராட வேண்டியிருந்தது. அப்போராட்டத்தின் குரலாகவே என். கே. இரகுநாதனின் 'கந்தன் கருணை' நாடகம் எழுந்தது. இன்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள், உண்மை. வாங்கு சமமாயிற்று, வசனம் சமமாயிற்றா?

கீரிமலைப் பக்கத்து வகுப்பறை ஒன்றில் நாம் பாத்திரங்களை மாற்றிப் பார்த்தோம். கிணறுகள் உவராவதைப் பற்றிய ஊர்க்கூட்டமே நாடகம். கேணியில் நன்னீர் ஊறுவதும், மதிலுக்கு அப்பால் கடல் அலைப்பதும் அங்குள்ள பிள்ளைகள் நாளும் காணும் காட்சி. வழமையான மன்னன் கமக்காரனானான். வழமையான சேவகன் கூட்டத் தலைவனானான். முதலில் நீண்ட மௌனம். நாம் குறுக்கிடவில்லை. இயந்திரம் பூட்டி நாள் முழுவதும் இறைக்கலாமென்று கமக்காரன் வாதிட்டபோது, தலைவன் எழுந்தான்:

"கனக்க இறைச்சா உவர் வரும். நல்ல தண்ணி மேலைதான் நிக்குது, கீழை உப்பு."

சுண்ணக்கற் பாறையினுள் உவர்நீரின்மேல் நன்னீர் மிதப்பதைப் புவியியல் நூல்கள் ஒரு பக்கத்தில் விளக்கும். கிணறு இறைத்துத் துப்புரவாக்கும் தகப்பனுக்குத் துணைபோகும் அச்சிறுவன் அதை ஒரு மூச்சில் சொன்னான். மன்னனும் அன்று ஒரு பாடம் கற்றான். பிறர் பேசக் கேட்டிருக்கும் பாடம்.

மறுநாள் அதையே கட்டுரையாக எழுதச் சொன்னோம். தலைவன் ஒன்றரைப் பக்கம் எழுதினான். பிழைகள் மலிந்திருந்தன, அவனுடன் இருந்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம். 'செய்து கற்பவனுக்கு எழுத்து எதற்கு?' என்று விட்டுவிடுவது கருணையன்று, வஞ்சனை. பரீட்சை மண்டபத்தில் அவன் கையில் தரப்படுவது தடியன்று, வினாத்தாள்.

பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், நேரம் எங்கே என்பர் சிலர். நாம் புதிதாக நேரம் கேட்கவில்லை. மன்னனுக்கு மட்டும் அளந்த நேரத்தைப் பகிர்ந்தளிக்கவே கேட்கிறோம்.

ஆசிரியத் தோழர்களே! சென்ற தவணையில் உங்கள் வகுப்பில் ஒரு வசனமேனும் பேசாத பிள்ளைகளின் பெயர்களை எழுதிப் பாருங்கள். அவர்கள் எந்தத் தெருவினர், எந்தத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பட்டியல் அவர்களுடைய கற்றற் பாணியைக் காட்டாது. நமது கற்பித்தற் பாணியைக் காட்டும்.