ஏட்டுச் சுரைக்காயும் கணினிச் சூளையும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் நம் முன்னோர். இன்று ஏட்டின் இடத்தைக் கணினித் திரை பிடித்துக்கொண்டது. பொறியியல் மாணவர்களின் இறுதியாண்டு ஆய்வேடுகளைப் புரட்டிப் பாருங்கள். சிவப்பும் நீலமுமாய் வெப்பப் படங்கள் பக்கத்துக்குப் பக்கம் மின்னும். அவை அழகானவை என்பதில் ஐயமில்லை. உண்மையானவையா என்பதே என் கேள்வி.

நான் பயிலும் பொருளறிவியல் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். சிர்கோனியம் டைபோரைடு என்னும் செராமிக் ஏறத்தாழ 3,245 பாகை செல்சியசில்தான் உருகும். ஒலியைவிடப் பன்மடங்கு விரைந்து பறக்கும் ஊர்திகளின் கூர்முனைகளுக்கு ஆய்வாளர்கள் இத்தகைய பொருள்களையே நாடுகின்றனர். இதனை உருக்கி வார்ப்பது எளிதன்று. ஆகவே, பொடியை அச்சிலிட்டு அழுத்தி, உருகுநிலைக்கு வெகு கீழே, 2,000 பாகையை ஒட்டிச் சுடுகிறார்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இடையிலுள்ள துளைகள் சுருங்கி, பொடி கட்டியாக இறுகுகிறது. இதற்குச் சின்டரிங் என்று பெயர்.

அச்சுக்குள் நடப்பதைக் கண்ணால் காண இயலாது. மின்னோட்டம் பாய்ச்சிச் சுடும் முறையில், வெப்பமானி பெரும்பாலும் கிராஃபைட் அச்சின் சூட்டையே அளக்கிறது. உள்ளிருக்கும் பொடியோ அதைவிடப் பல பத்துப் பாகை கூடுதலாகச் சூடேறியிருக்கலாம். எனவேதான், சூளைக்குள் நடப்பதைச் சமன்பாடுகளாக்கிக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறோம். இது தேவையான பணியே.

சிக்கல் எங்கே தொடங்குகிறது? அக்கணக்கில் நாம் உறுதியாக அறியாத எண்கள் உண்டு. அச்சின் பாகங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உள்ள மின்தடை ஒன்று. அச்சூட்டில் பொடி எவ்வளவு நெகிழ்ந்து கொடுக்கும் என்பது மற்றொன்று. மின்தடையைத் தவறாகக் கொண்டால் வெப்பநிலை தவறும். நெகிழ்வு எண்ணைச் சற்று மாற்றினாலோ அத்தவறு மறைந்துவிடும். இரு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்ய, அடர்த்தி வளைவு சோதனையோடு கச்சிதமாகப் பொருந்திவிடும்! ஆனால், 20 மில்லிமீட்டர் வில்லைக்குப் பொருந்திய அதே கணக்கு 50 மில்லிமீட்டர் வில்லைக்குப் பொய்த்துப் போகலாம். அளவு மாறினால் மின்னோட்டமும் வெப்பமும் பரவும் விதமும் மாறுமல்லவா?

சூளையில் நேரும் குறை சிறியதன்று. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் நாசா தனது ஷார்ப்-பி2 சோதனையில், இவ்வகைப் போரைடு செராமிக்குகளாலான தகடுகளை ஏவுகணையின் முனைக்கூட்டில் பொருத்திப் பறக்கவிட்டது. மீட்கப்பட்ட தகடுகளில் விரிசல்கள் காணப்பட்டன. பொருளைத் தயாரித்த விதத்தில் இருந்த குறைகளே காரணமெனப் பின்னர் கண்டறியப்பட்டது. உருகுநிலை எவ்வளவு உயர்ந்திருந்தால் என்ன? சூளையில் சரியாக இறுகாத பொருள் பறக்கும்போது உடையும்.

“எங்களுக்கு அத்தகைய சூளை ஏது? கணினிதானே கைவசம் உள்ளது?” என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆயினும், பிறர் வெளியிட்ட சோதனை முடிவுகள் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றுள் பாதியைக் கொண்டு எண்களைத் திருத்துவோம். மீதியைத் தொடாமல் ஒதுக்கி வைப்போம். நம் கணக்கு அந்த மீதியை முன்கூட்டியே சொல்கிறதா என்று பார்ப்போம். எந்தெந்த எண்களை நாமே திருத்தினோம் என்பதையும் ஆய்வேட்டில் மறைக்காமல் எழுதுவோம்.

விரிவுரையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொருந்தவில்லை என்று நேர்மையாக எழுதி, ஏன் பொருந்தவில்லை என்று ஆராயும் மாணவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். குறைத்தால், அடுத்த ஆண்டு எல்லா வளைவுகளும் பொருந்தும். எவரும் எதையும் கற்றிருக்க மாட்டார்.

ஏட்டில் சுரைக்காய் வரைவது தவறன்று. அதையே கறியென்று இலையில் பரிமாறுவதுதான் தவறு.