கடைக்கு வாங்கும்போது நாம் நுகர்வோரா?

கல்லாவில் உட்கார்ந்தபடியே செல்பேசியில் சரக்குக்கு ஆர்டர் போடும் காலம் இது. சிறு மளிகைக் கடை நடத்தும் நம் உறுப்பினர் ஒருவர் அப்படி இரண்டு பொருள்கள் வாங்கினார். ஒன்று, பில் போடும் இயந்திரம். மற்றொன்று, விற்பனைக்குப் பத்து மூட்டை துவரம்பருப்பு. இயந்திரம் வந்த வாரமே நின்றுபோயிற்று. பருப்பைப் பதினைந்து நாள் கழித்துப் பிரித்தால், உள்ளே வண்டு. இரண்டுக்கும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று நம்மிடம் வந்தார். பாதிதான் சரி என்று சொல்ல வேண்டியதாயிற்று.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மறுவிற்பனைக்காக வாங்குபவர் நுகர்வோர் அல்லர். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்பு நடத்தத் தாமே பயன்படுத்தும் பொருளுக்கு விலக்கு உண்டு. ஆட்டோ வாங்கித் தாமே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோரே. உதவிக்கு ஓரிருவர் இருந்தாலும் அந்த உரிமை போகாது என்று 1995-இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆகவே இயந்திரத்துக்கு உரிமை உண்டு, பருப்புக்கு இல்லை.

நுகர்வோருக்குள்ள உரிமை சிறிதல்ல. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பழுதான, விளம்பரத்துக்கு மாறான பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. 1915 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். நாம் குடியிருக்கும் ஊருக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. நம் உறுப்பினர் எழுதிக் கேட்டார். மாற்று இயந்திரம் வந்தது.

பருப்பு நட்டமோ அவர் தலையில் விழுந்தது. 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் சரக்கைப் பரிசோதிக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் நியாயமான காலத்துக்குள் மறுப்புச் சொல்லாமல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளும். எனவே மூட்டை இறங்கிய அன்றே பிரித்துப் பாருங்கள். பிரிப்பதைச் செல்பேசியில் படம் எடுங்கள். குறை இருந்தால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

உரிமை கேட்பவருக்குக் கடமையும் உண்டு. பாதி கரைந்த சோப்பைத் திருப்பிக் கொண்டுவரும் வாடிக்கையாளரைக் கண்டால் நமக்கு எப்படி இருக்கும்? பயன்படுத்திய பொருளைப் பழுது என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் அதே தவறுதான். எதிரே முகம் தெரியவில்லை என்பதால் நாணயம் மாறிவிடாது.

ஒரு மனக்குறை மட்டும் நமக்குண்டு. பத்து மூட்டை வாங்கும் மளிகைக்காரரையும் கோடிக் கணக்கில் கொள்முதல் செய்யும் கம்பெனியையும் சட்டம் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார். இவருக்குக் கடையைப் பூட்டிவிட்டு சிவில் கோர்ட்டுக்கு அலைய நேரம் ஏது? அந்த 48 மணி நேர, ஒரு மாத விதியைச் சிறு வணிகரின் கொள்முதலுக்கும் பொருந்தும்படி செய்ய வேண்டும் என்று நம் சங்கம் அரசிடம் கேட்க வேண்டும். அதுவரை, மூட்டையைப் பிரித்துப் பார்க்கும் நம் கண்ணே நமக்குக் காவல்.