தெருவுக்கு வந்த அத்தோ



போன முறை சென்னைக்குப் போனபோது, சாயங்காலம் பர்மா பஜார் பக்கத்துத் தெருவில் ஒரு தள்ளுவண்டி முன்னால் நின்றேன். கடைக்காரர் நூடுல்ஸை ஒரு கை அள்ளிப் பாத்திரத்தில் போட்டார். மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், எலுமிச்சைச் சாறு எல்லாம் அதன்மேல் விழுந்தன. கடைசியாக பேஜோ என்கிற மொறுமொறுப்பான வில்லையை நொறுக்கிப் போட்டு, கையாலேயே பிசைந்து தட்டில் வைத்தார். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். "சூப்பு பத்தலைன்னா கேளுங்க சார்" என்றார்.

அதுதான் அத்தோ. பர்மிய மொழியில் இந்தப் பெயருக்குக் 'கலந்து பிசைந்தது' என்றுதான் பொருள். புளியும் பூண்டும் வாழைத்தண்டும் நமக்குப் புதிதா என்ன? அதனால்தானோ என்னவோ, வட சென்னையில் பிறந்து வளர்ந்தவர்கள் அதைத் தங்கள் ஊர்ப் பண்டம் என்றே சொல்கிறார்கள்.

ஆனால் அது வந்த வழி சுகமான வழி இல்லை. 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. தலைமுறைகளாக ரங்கூனில் வாழ்ந்த தமிழர்கள் சம்பாதித்ததை அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்கள் பிழைக்க 1969-இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உருவானது பர்மா பஜார். கடை கிடைக்காதவர்களுக்குக் கைப்பக்குவமே முதலானது. பர்மாவில் மீன் போட்டுக் காய்ச்சும் மொய்ங்கா என்கிற சூப் இங்கே பல வண்டிகளில் மீனை விட்டது. வாழைத்தண்டை மட்டும் விடவில்லை.

இதை நம் காரைக்காலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் சைகோனுக்கு உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் போனவர்கள் பலர். திரும்பி வந்தவர்கள் வியட்நாமியப் பண்டங்களையும் கொண்டுவந்தார்கள். 'நெம்' என்கிற பொரித்த சுருளைப் புதுச்சேரியின் சில வீடுகளில் விசேஷ நாளில் இன்றும் செய்கிறார்கள். அது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. சைகோனிலிருந்து வந்த பலருக்குப் பிரெஞ்சு ஓய்வூதியம் இருந்தது, விற்றுத்தான் சாப்பிட வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. பர்மாவிலிருந்து வந்தவருக்கு இருந்தது. அதனால் நெம் வீட்டிலேயே தங்கியது, அத்தோ தெருவுக்கு வந்தது. தெருவில் விற்கிற அயலூர்ப் பண்டத்துக்குப் பின்னால் அனேகமாக வயிற்றுப்பாடு ஒன்று இருக்கும்.

தருமபுரத்திலிருந்து காரைக்கால் கடைத்தெருவுக்குப் போகிற வழியில் இப்போது பானிபூரி வண்டிகள் நிற்கின்றன. விற்கிற பையன்கள் வடக்கேயிருந்து வந்தவர்கள். "இதெல்லாம் ஒரு சாப்பாடா?" என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. சுத்தமில்லை என்றால் தாராளமாகச் சொல்லலாம். அதை எந்தக் கடையிலும் சொல்லலாம். வேற்றூர்க்காரன் என்பதற்காக முகம் சுளிப்பது மட்டும் நமக்கு அழகில்லை. கடல் தாண்டிப் போய்ப் பிழைத்தவர்களின் ஊர் இது. நம் தாத்தாக்களும் எங்கோ ஒரு தெருவில் வேற்றூர்க்காரர்களாக நின்றவர்கள்தாம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ரங்கூன், சைகோன், மலாயா என்று எங்கிருந்தோ உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பண்டம் ஏதாவது இருந்தால், அதைக் கொண்டுவந்தவர் கதையோடு செய்முறையையும் எழுதி அனுப்புங்கள். வெளியிடுகிறோம். அளவு சரியாகத் தெரியாவிட்டால் பரவாயில்லை. 'ஒரு கை', 'ஒரு சிட்டிகை' என்றே எழுதுங்கள். நமக்குப் புரியும்.

அன்புடன்,
ஆசிரியர்