அடைபட்ட பித்தநீருக்கு மாற்று வழி



பெருமாநல்லூரில் பனியன் கம்பெனியொன்றில் தையல் வேலை செய்துவந்த பெரியவர் ஒருவர், கண்கள் மஞ்சளித்ததும் மூன்று வாரம் கீழாநெல்லி அரைத்துக் குடித்தார். உப்பில்லாப் பத்தியமும் இருந்தார். நோய் இறங்கவில்லை. சிறுநீர் கடுந்தேநீர் நிறமாயிற்று, மலம் வெளுத்தது, அரிப்பினால் இரவெல்லாம் உறக்கமில்லை. "சாமி, பத்தியத்தில் என்ன குறை வைத்தேன்?" என்று என்னிடம் கேட்டார்.

குறை பத்தியத்தில் இல்லை. மஞ்சள் காமாலை யாவும் ஒன்றல்ல. கிருமியால் ஈரல் வீங்கி வரும் காமாலை பெரும்பாலும் தானே தணியும். அந்தப் பெருமை பச்சிலைக்குப் போய்ச் சேருகிறது. அடைப்பினால் வருவதோ வேறு. ஈரலில் சுரக்கும் பித்தநீர், ஒரு நாளத்தின் வழியே கணையத்தின் தலைப்பகுதியைக் கடந்து முன்சிறுகுடலில் விழுகிறது. கல்லோ கட்டியோ அதை அடைத்தால் பித்தம் இரத்தத்தில் ஏறும். இலைச்சாறு அவ்வடைப்பை நீக்காது.

இத்தகைய அடைப்புக்கு மருத்துவர்கள் வாய்வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, நாளத்தின் வாயிலில் ஸ்டென்ட் என்னும் சிறு குழாயைப் பொருத்துவது வழக்கம். பெரியவருக்கோ கட்டி அவ்வாயிலையே மூடியிருந்தது. முற்காலமாயின் விலாப்புறத்தில் ஊசியிட்டு, பித்தநீரை வெளியே ஒரு பையில் வடித்திருப்பார்கள். இன்று இன்னொரு வழியும் உண்டு. முனையில் அல்ட்ராசவுண்ட் கருவி பொருத்திய எண்டோஸ்கோப், இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ இருந்தபடியே, சுவருக்கு அப்பால் வீங்கிக் கிடக்கும் நாளத்தைத் திரையில் காட்டும். அச்சுவரை ஊசியால் துளைத்து, மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதன்மேல் ஸ்டென்டை ஏற்றிப் பித்தநீரை உள்ளேயே வடியச் செய்கிறார்கள். 2001-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் மார்செய் நகர மருத்துவர் ஜியோவானினி இம்முறையை முதன்முதலாக வெளியிட்டார்.

இதில் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடலாகாது. பித்தநீர் கசியலாம், இரத்தம் வடியலாம், ஸ்டென்ட் நழுவலாம், அடைபடலாம். ஆகவே கைதேர்ந்தவர்கள் உள்ள மருத்துவமனையிலேயே செய்துகொள்ள வேண்டும். மேலும், இது பித்தத்தை வடிக்குமேயன்றிக் கட்டியைக் கரைக்காது.

பெரியவருக்குக் கோவையில் இம்முறையில் சிகிச்சை நடந்தது. சில நாட்களில் அரிப்பு தணிந்தது, உறக்கம் வந்தது. காமாலை இறங்கிய பிறகே புற்றுநோய்க்கான மருந்தைத் தொடங்க முடிந்தது. "அந்த மூன்று வாரத்தை வீணாக்கிவிட்டேனே" என்று மட்டும் இன்றும் வருந்துகிறார்.

அந்த வருத்தம் உங்கள் இல்லத்தில் நேர வேண்டாம். கண் மஞ்சளித்து, மலம் வெளுத்து, அரிப்பும் கண்டால் உடனே இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் செய்துகொள்ளுங்கள். குளிர்காய்ச்சலும் சேர்ந்தால், விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.