மருந்தோடு ஸ்ட்ரிப்பும் கொடுங்கள்

அரும்பாவூரில் மரச்சிற்பம் செதுக்குகிறவன் நான். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை இது. வாகைக் கட்டையில் கோடு போட்டு, தாள அளவு சரிபார்த்த பிறகுதான் உளியை வைப்போம். கண்ணளவை நம்பித் தட்டினால் கட்டை விறகுக்குத்தான் போகும். என் மகளுக்கு ஒன்பது வயதில் டைப் 1 சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து, அவளுக்குப் போடும் இன்சுலினும் எனக்கு அப்படித்தான்.

இனிப்பு தின்று வந்த நோய் இல்லை இது. இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிறது. பச்சைமலை மூலிகை என்று பாசத்தோடு கொண்டுவந்து கொடுத்தவர்கள் உண்டு. அதை நம்பி ஊசியை நிறுத்தியிருந்தால் பிள்ளையை இழந்திருப்போம். 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன்பு இந்தப் பிள்ளைகளுக்கு வழியே கிடையாது. கண்டுபிடித்தவர்கள் ஆளுக்கு 1 டாலர் வாங்கிக்கொண்டு காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

இன்று அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசம். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் எத்தனை யூனிட் போடுவது என்று மருந்துப் புட்டி சொல்லாது. விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை சர்க்கரை மீட்டரின் ஸ்ட்ரிப்பில் வைத்தால்தான் தெரியும். அதை நாங்கள் காசு கொடுத்து வாங்குகிறோம். ஒன்று ஏறத்தாழ 20 ரூபாய். நாளைக்கு நாலு என்றால் மாதம் 2,400.

ஒருமுறை வழக்கமான சிவப்பு மூடி சிரிஞ்சு கிடைக்கவில்லை. ஒரு கடையில் ஆரஞ்சு மூடி போட்டதைக் கொடுத்தார்கள். எங்கள் புட்டி மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்து. அந்த சிரிஞ்சோ 100 யூனிட் மருந்துக்கு உரியது. 10 என்ற கோடு வரை இழுத்துப் போட்டோம். உள்ளே போனது 4 யூனிட்தான். மறுநாள் மீட்டரில் 400-க்கு மேல். மருத்துவர் இரண்டு சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது என் கை நடுங்கியது. ஸ்ட்ரிப் மட்டும் இல்லையென்றால், அவள் மூச்சு வாங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொரு ராத்திரி, இரண்டு மணி. தலையணை நனைய வியர்வை, கூப்பிட்டால் குழறுகிறாள். மீட்டரில் 52. மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்து, கால் மணி நேரம் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 84 வந்த பிறகுதான் அவள் அம்மா அழுதாள்.

2021 முதல் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அது முடிகிற அரசுக்கு, டைப் 1 பிள்ளைகளுக்கு இன்சுலினோடு மாதம் 120 ஸ்ட்ரிப் சேர்த்துக் கொடுப்பதும் முடியும். மருந்தைக் கொடுத்துவிட்டு அளவை ஊகிக்க விடக்கூடாது.

மாதம் முடிய இன்னும் ஆறு நாள். டப்பாவில் 11 ஸ்ட்ரிப் இருக்கிறது. காலையில் ஒன்று, படுக்கும் முன் ஒன்று என்று குறைத்திருக்கிறோம். மதியச் சாப்பாட்டுக்கு முன், அவள் முகத்தைப் பார்த்துத்தான் சிரிஞ்சில் மருந்தை இழுக்கிறேன்.