வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள்



ஆடி வந்தால் கொல்லிமலைக்குக் கூட்டமும் வந்துவிடும். செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. ஆடிப்பெருக்கையொட்டி அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கை அருவியில் குளித்துவிட்டு வருவதை ஆண்டு தவறாமல் செய்கிற குடும்பங்கள் நாமக்கல், சேலம் பக்கம் நிறைய. சொந்தக் கார், வாடகை வேன், குட்டி யானை, புல்லட் என்று காரவள்ளி அடிவாரத்தில் வரிசை கட்டும் வண்டிகள் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறித்தான் மலையைப் பிடிக்கின்றன. காலையில் ஏறியவர்களில் பலர் இறங்கும்போது இருட்டிவிடுகிறது. அந்த இறக்கத்தைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைக்கிறேன். இன்னும் குறிப்பாகச் சொன்னால், உங்கள் வண்டியின் ஹெட்லைட்டைப் பற்றி.

இரவில் வண்டி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான்: "எதிர்ல வர்றவன் டிம்மே பண்ண மாட்டேங்கிறான்." பஸ் ஓட்டுபவர் காரைச் சொல்வார், கார்க்காரர் பைக்கைச் சொல்வார், பைக்கில் போகிறவர் எல்லோரையும் சொல்வார். இந்தப் புலம்பலில் ஒருவர் மட்டும் எப்போதும் விடுபட்டுப் போகிறார். அவர் நாம். நம் ஹெட்லைட் எதிரில் இருப்பவர் கண்ணில் எப்படி விழுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எதிரே போய் நின்று பார்த்திருப்போம்? டிம்மில்தானே போகிறோம் என்று நிம்மதியாக இருப்போம். எதிரில் வருபவரோ நம்மைத் திட்டிக்கொண்டே கடந்திருப்பார். டிம்மில் இருந்தும் கண் கூசுகிறது என்றால் பல்பின் பலத்தைவிட அது பார்க்கிற திசையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். குறி தப்பாத வில்லாளி என்று பேரெடுத்த ஓரியின் மலைக்குப் போகிற நாம், நம் விளக்கின் குறியைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டு போகலாமே!

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காரின் ஹெட்லைட் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு, ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய 10 செ.மீ. கீழே இறங்கும்படி வைப்பது பொதுவான அளவு. அப்படி வைத்தால் 70 மீட்டர் தொலைவில் வெளிச்சம் தரையைத் தொட்டுவிடும். யார் கண்ணுக்கும் போகாது.

இப்போது மலையிலிருந்து திரும்பும் காரை நினைத்துக்கொள்ளுங்கள். பின்சீட்டில் மூன்று பேர். டிக்கியில் இரண்டு பலாப்பழம், ஒரு சாக்கு அன்னாசி, ஒரு தார் மலைவாழை, மேலே பைகள். பாரத்தில் காரின் பின்பக்கம் 5 செ.மீ. அமுங்குகிறது என்று வையுங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே சுமார் இரண்டரை மீட்டர்தான். அந்த 5 செ.மீ. அமுக்கத்தில் மூக்கு தூக்கிக்கொள்ள, 10 மீட்டருக்கு 10 செ.மீ. இறங்க வேண்டிய வெளிச்சம் அதே கணக்கில் ஏறத் தொடங்கிவிடும். 50 மீட்டர் தள்ளி அதன் மேல் விளிம்பு 120 செ.மீ. உயரத்தில் இருக்கும். எதிரே வரும் காரை ஓட்டுபவரின் கண் இருப்பதும் கிட்டத்தட்ட அதே உயரத்தில்தான். நீங்கள் டிம்மில்தான் வருகிறீர்கள். ஆனால் அவருக்கு அது பிரைட்.

சமவெளிச் சாலையில் இது எரிச்சலோடு போய்விடலாம். மலையில் அப்படி இல்லை. நம் நாட்டு மலைச்சாலை நெறிமுறைகளில் கொண்டை ஊசி வளைவுக்கான குறைந்தபட்ச வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கி.மீ. அந்த மெதுவான வேகத்தில்கூட வண்டி விநாடிக்கு ஐந்தரை மீட்டர் போகிறது. கண் கூசிய ஓட்டுநருக்குப் பார்வை திரும்ப மூன்று விநாடி ஆனால் 16 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். ஒரு வளைவில் 16 மீட்டர் என்பது தடுப்புச் சுவருக்கும் எதிர்ப்பக்கப் பாறைக்கும் இடையே இருக்கிற மொத்தக் கதையும்தான்.

அதோடு, நேர்ச்சாலைக்காக வடிவமைத்த விளக்கு கொண்டை ஊசி வளைவில் சாலையைக் காட்டுவதில்லை. வண்டி இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும்போது வெளிச்சம் நேரே பள்ளத்து மரங்களின் மேல் அடித்துக்கொண்டிருக்கும். ஏறி வரும் வண்டிக்கு மூக்கு இயல்பாகவே மேலே தூக்கியிருப்பதால், சரியாக வைத்த விளக்கும் ஒரு கணம் மேல் வளைவில் இருப்பவரின் கண்ணுக்குள் போய்த்தான் வரும். இதைத் தவிர்க்க முடியாது. அதனால்தான் மலையில் விரல் எப்போதும் சுவிட்சின் மேல் இருக்க வேண்டும். வளைவுக்கு முன் ஒரு முறை பிரைட் அடித்து, வருவதைத் தெரிவித்துவிட்டு, உடனே டிம்முக்கு வருவது அனுபவசாலிகளின் வழக்கம். குறுகலான இடத்தில் இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது. ஒதுங்கி நிற்கும்போதும் டிம்மில் நில்லுங்கள். ஏறுகிறவருக்குச் சாலையின் விளிம்பு தெரிய வேண்டுமே.

லாரிகளுக்குப் பேர்போன நாமக்கல் இந்த மலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இரவெல்லாம் நெடுஞ்சாலையில் ஓடுகிற பழைய லாரி ஓட்டுநர்களிடம் ஒரு மரியாதை உண்டு. தூரத்தில் எதிர் வெளிச்சம் தெரிந்தவுடன் தானே முதலில் டிம் செய்துவிடுவார்கள். எதிரில் இருப்பவர் செய்யட்டும் என்று காத்திருப்பதில்லை. எதிராளி மறந்திருந்தால் ஒரு முறை மின்னிக் காட்டி நினைவுபடுத்துவார்கள், அவ்வளவுதான். இன்றைக்குப் பலரும் செய்வது போல, 'நீ பிரைட்டா? நானும் பிரைட்' என்று பழிவாங்குவதில்லை. அப்படிச் செய்தால் ஒரே சாலையில் கண் தெரியாத ஓட்டுநர்கள் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள்.

இனி எல்இடி விவகாரம். நம் கார்களிலும் ஜீப்புகளிலும் நெடுங்காலமாக இருந்து வரும் எச்4 ஹாலஜன் பல்பைக் கையில் வாங்கிப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். டிம்முக்கான இழைக்குக் கீழே நகக்கண் அளவில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம். அதுதான் வேலையே செய்கிறது. கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறைத்துவிடுவதால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் ஒளி பட்டு, சாலையை நோக்கி இறங்குகிறது. சுவரில் டிம் அடித்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று வெட்டினாற்போலத் தெரிகிற கோடு அந்தக் கிண்ணத்தின் விளிம்பு தருவது. இந்த அமைப்புக்காகச் செய்த ரிஃப்ளெக்டருக்குள் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு எல்இடி பல்பைச் செருகினால், ஒளி பிறக்கும் இடமே மாறிவிடுகிறது. மில்லிமீட்டர் கணக்கில் மாறினாலும் போதும், அந்தக் கோடு கலைந்து வெளிச்சம் நாலாபுறமும் சிதறும். ஓட்டுபவருக்கு பம்பருக்கு முன்னால் பளீரென்று இருப்பதால் நல்ல லைட் என்று தோன்றும். உண்மையில் தொலைவில் சாலை முன்பைவிட மங்கலாகவும் இருக்கலாம். கம்பெனியிலிருந்தே எல்இடியோடு வருகிற வண்டிகளின் கதை வேறு. அவற்றின் ரிஃப்ளெக்டரும் லென்ஸும் அதற்கென்றே செய்தவை.

சட்டம் என்ன சொல்கிறது? 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி படிக்க வேண்டிய ஒன்று. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், விளக்கின் வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் உள்ள எவரையும் கூசச் செய்யாதபடி வெளிச்சம் நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது அது. அந்த ஒன்றரை மீட்டரைக் கவனியுங்கள். காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் அவ்வளவு உயரத்தில் இராது. சாலையோரம் நடந்து போகிற ஆணோ பெண்ணோதான் அந்தக் கணக்குக்குச் சரியாக வருவார்கள். சந்தை முடிந்து தலைச்சுமையோடு ஊர் திரும்பும் மலைவாழ் மக்களுக்கும், விழா பார்த்துவிட்டு நடந்தே வீடு போகும் பிள்ளைகளுக்கும் அந்த விதி பொருந்தும். அவர்களிடம் திருப்பி அடிக்க பிரைட் கிடையாது.

ஹெட்லைட்டின் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது நம் ஊரில் நெடுநாள் வழக்கம். மேல்பாதிக்குக் கறுப்பு அடித்த காலத்தையும் மூத்த வாசகர்கள் அறிவார்கள். நல்லெண்ணத்தில் வந்த ஏற்பாடு. ஆனால் ஸ்டிக்கர் வெளிச்சத்தின் அளவைக் கொஞ்சம் குறைக்கும், திசையை மாற்றாது. வானம் பார்க்கிற விளக்கு ஸ்டிக்கர் ஒட்டினாலும் வானத்தைத்தான் பார்க்கும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. ஓட்டுநர்களின் புகார் பெருகியதால் பிரிட்டன் அரசு 2024-இல் கண் கூச்சம் பற்றித் தனி ஆய்வுக்கே ஏற்பாடு செய்தது. எதிரே வண்டி வரும் பகுதியை மட்டும் தானாக மங்க வைக்கும் விளக்குகளை அமெரிக்கா 2022-இல் அனுமதித்தது. அந்த நவீனம் கொல்லிமலையில் நம் சோளக்காட்டுச் சந்தைக்கு வரும் குட்டி யானைக்கு வந்து சேர வெகு காலம் ஆகும். அதுவரை நம்மிடம் இருப்பது ஒரு சுவரும் ஒரு சாக்குக் கட்டியும்தான். அவையே போதும்.

மலைக்குக் கிளம்புவதற்கு முன் ஓர் இரவு இதைச் செய்யுங்கள். டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும். சமதரையில் ஒரு சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தி, இரண்டு ஹெட்லைட்டின் நடுப்புள்ளியையும் சுவரில் சாக்கால் குறித்து, ஒரு கோடாக இணையுங்கள். பிறகு நேராக 5 மீட்டர் பின்னால் வாருங்கள். டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு சாக்குக் கோட்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. கீழே இருக்க வேண்டும். இடப்பக்கம் கொஞ்சம் ஏறியிருந்தால் பயப்பட வேண்டாம். நாம் இடப்பக்கம் போகிறவர்கள் என்பதால் ஓரத்தையும் பலகைகளையும் காட்ட அப்படி வைத்திருக்கிறார்கள். வலப்பக்கம் ஏறியிருந்தால்தான் கோளாறு. ஹெட்லைட்டின் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பி இதைச் சரிசெய்யலாம். பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம். பைக் என்றால் வழக்கமாக எத்தனை பேர் போகிறீர்களோ அத்தனை பேரும் உட்கார்ந்துகொண்டு பாருங்கள்.

பல கார்களில் ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்னத் திருகு இருக்கும். பாரம் ஏற ஏற எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் இறங்கும். கார் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்களே அதிகம். பலாப்பழம் ஏற்றியவுடன் அதைத் தொடுங்கள். விண்ட்ஷீல்டின் உட்புறத்தையும் துடையுங்கள். அங்கே படியும் எண்ணெய்ப்பசை எதிர் வெளிச்சத்தை இரட்டிப்பாக்கிக் காட்டும். பனிமூட்டம் இறங்கினால் பிரைட் வேண்டவே வேண்டாம்; பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே அது மறைக்கும்.

எதிர் வெளிச்சம் அடித்தால் அதைப் பார்க்காமல் சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பாருங்கள், வேகத்தைக் குறையுங்கள். இரவு ஓட்டத்துக்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடியை நம்ப வேண்டாம். ஏற்கெனவே குறைவாக இருக்கும் வெளிச்சத்தில் ஒரு பங்கை அது வடிகட்டிவிடும். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கூச்சம் வழக்கத்தைவிட அதிகமாகத் தெரிந்தால் கண்புரை தொடங்கியிருக்கலாம். ஒரு முறை கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

சுவரில் கோடு போட்டுப் பார்த்தவர்கள் என்ன கண்டீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். வண்டி எது, வெளிச்சம் கோட்டுக்கு மேலே இருந்ததா கீழே இருந்ததா, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று நாலு வரி போதும். அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். உங்கள் கடிதம் இன்னொருவரைச் சுவருக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தும்.

ஓரி விழாவுக்கும் ஆடிப்பெருக்குக்கும் போகிற அனைவருக்கும் வாழ்த்துகள். நல்லபடியாகப் போய் வாருங்கள்; எதிரே வருகிறவரையும் நல்லபடியாக வீடு போய்ச் சேர விடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்