வாழ்த்துப்பா போதுமா?

கணவனைக் களத்தில் இழந்த மறுநாளே, ஒரே மகன் கையில் வேல் கொடுத்தனுப்பிய தாயை ஒக்கூர் மாசாத்தியார் பாடினார். மேடைதோறும் அதை முழங்கினோம், கைதட்டினோம். மறுநாள் அவள் அடுப்பு எரிந்ததா என்று கேட்டோமா?

1984 முதல் சியாச்சின் பனிமலையில் இந்தியப் படை காவல் நிற்கிறது. மனைவி மக்களுக்கு அங்கே இடமில்லை. சிப்பாய்க்கு ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். முழுதும் கிடைத்தாலும், எஞ்சிய 275 நாளும் தாயும் அவளே, தந்தையும் அவளே! "அப்பாவை வரை" என்றோம். நம் வகுப்புச் சிறுவன் கைப்பேசியை வரைந்தான்.

"தகப்பனுக்கு ஆகாத நாளில் பிறந்தவன்" என்று பிள்ளைமீது பழி. காய்ச்சலில் துடிக்கும் குழந்தையோடு இரவில் வெளியேறினால் தாய்மீது பழி. எல்லையிலே எதிரியின் குண்டு. இல்லத்திலே ஊராரின் நாக்கு!

மத்திய அரசுப் பணியிலுள்ள தாய்க்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு 730 நாள் உண்டு. பிள்ளை வளர்ப்பும் உழைப்பே என்பதற்கு அதுவே சான்று. சிப்பாய் மனைவியின் உழைப்பு மட்டும் கணக்கில் வராதா? "வீரத்தாய்" என்ற பட்டம் பால் வாங்கித் தருமா?

விடுப்பில் வரும் வீரனை விருந்தாளியாக்கி விசிறி வீசாதீர்! குழந்தையைக் குளிப்பாட்டட்டும், கஞ்சி ஊட்டட்டும். துப்பாக்கி ஏந்திய கைக்குத் தூளி ஆட்டுவது இழிவன்று.

தோழர்களே! ஊர்தோறும் குழந்தைக் காப்பகம் கேட்போம். கிடைக்கும் வரை அவள் கதவைத் தட்டி, "மருந்து வாங்கி வரவா, அக்கா?" என்று கேட்போம். வாழ்த்துப்பாவைப் பிறகு பாடலாம்.